மாப்ள, அந்த ஃபீட்பேக் விஷயம்

மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு, உடனே எழுதலன்னு கோச்சுக்காத. ஏப்ரல் மே மாசம் நம்ம ஜெராக்ஸ் கடை எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும், ஹால் டிக்கெட் பிரிண்டு, அரியர் ஃபீஸ் கட்டுறது, ப்ராஜெக்ட் பைண்டிங், அது முடியுறதுக்குள்ள ப்ளஸ் டூ ரிசல்ட்டு, அப்புறம் காலேஜ் அப்ளிகேஷன்னு உக்கார நேரமில்ல. இதுல மீன்பிடி தடைக்காலம் வேற, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கரைல தான் கிடக்கு, வலை மராமத்து பாக்குறவன் பெயிண்ட் அடிக்கிறவன் தவிர ஜெட்டில ஆள் இல்ல. வீட்ல ஒரு பைசா வரும்படி இல்லாத இந்த ரெண்டு மாசம் பாத்து தான் அப்ளிகேஷன் ஃபீஸ், அட்மிஷன் ஃபீஸுன்னு எல்லாம் வரிசையா வந்து நிக்கும். தேதி குறிக்கிற ஆளுங்க யாரும் கடல் பக்கம் பொறக்கல போல.

சரி உன் கதைக்கு வர்றேன். வாத்தியார் எப்படி நடத்துறாருன்னு பசங்க மார்க் போடுற ஃபீட்பேக்ல உனக்கு குறைச்சுட்டாங்க, ஹெச்ஓடி, அதான் உன் துறைத் தலைவர், கூப்பிட்டு கேட்டாரு, ராத்திரி தூக்கம் வரலன்னு எழுதியிருந்த. படிச்சிட்டு நான் மொதல்ல சிரிச்சேன்டா, தப்பா எடுத்துக்காத. நம்ம ஃபைனல் இயர்ல அந்த ஃபார்ம் குடுத்தப்ப நீ என்ன பண்ணன்னு ஞாபகம் இருக்கா? மஞ்சளேறிப்போன நோட்ட வச்சு வாசிச்சிட்டு பெல்லுக்கு பத்து நிமிசம் முன்னாடியே எந்திரிச்சு போவாரே ஒரு சார், அவர் நம்ம எதிர்லயே நின்னுக்கிட்டு ஃபார்ம் குடுக்க சொன்னாரு, இன்டர்னல் 25 மார்க்கு அவர் கைல, நீயும் நானும் எல்லா கட்டத்துலயும் அஞ்சுக்கு அஞ்சு டிக் அடிச்சோம். காலைல அஞ்சு மணிக்கு நம்மள வத்தக்கடல்ல முட்டளவு தண்ணில நிக்க வச்சு சிப்பி எண்ண சொன்ன மேடத்துக்கு? ரெண்டு. அட்டென்டன்ஸ்ல கை வச்சுட்டாங்கன்னு கடுப்பு. இன்னைக்கு நீ வாத்தியாரா நிக்கிறதுக்கு அந்த மேடம் தான் காரணம்னு நீயே தண்ணி போட்டா அழுவ.

இப்பயும் அதே கூத்து தான், காகிதம் போய் லிங்க் வந்திருக்கு. காலேஜ் தரத்த பாத்து கிரேடு போடுற நாக் கமிட்டி வருதுன்னா ஸ்டூடண்ட்ஸுக்கு மெயில்ல ஒரு சர்வே வருமே, 20 கேள்வி டிக் அடிக்க, கடைசில ஒண்ணு சொந்தமா எழுத. போன தடவ ஒரு பையன் கடைக்கு வந்து, "அண்ணே எல்லாத்துலயும் மேல உள்ளத அமுக்கிட்டு வாங்கடான்னு டிபார்ட்மெண்ட்ல சொல்லிட்டாங்க, நீங்களே அமுக்கி விடுங்க, எனக்கு பஸ்ஸு வந்துரும்"ன்னான். உங்க யுனிவர்சிட்டியோட தரத்துல என் கையும் கொஞ்சம் இருக்கு பாத்துக்க.

அதனால ஃபார்ம்ல போட்ட மார்க்க நான் நம்ப மாட்டேன். எனக்கு வேற கணக்கு இருக்கு. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு தெரியாத வாத்தியார் உண்டாடா? ஒரு ஆளோட நோட்ஸ் மாஸ்டர் காப்பி எட்டு வருசமா என் அலமாரில கிடக்கு, வருசா வருசம் நாப்பது செட்டு போகும், அதுல "வருகிற 2019ஆம் ஆண்டில்"னு ஒரு வரி வரும், இன்னும் அந்த 2019 வரவே இல்ல. இன்னொரு மேடம் செமஸ்டருக்கு செமஸ்டர் மாத்தி மாத்தி அனுப்புவாங்க, பசங்க திட்டிக்கிட்டே தான் எடுப்பாங்க, "சீனியர் நோட்ஸ் செல்லாதுண்ணே இவங்களுக்கு"ன்னு. ஆனா அந்த திட்டுல ஒரு மரியாதை இருக்கும்டா, அது காதுல விழும்.

பசங்க பேசுறத கேட்டா எனக்கு புரிஞ்ச வரைக்கும், அவங்களுக்கு கண்டிப்பு பெரிய குத்தமே இல்ல. "வருவாரு", "வரமாட்டாரு", அங்க தான் ஆரம்பிப்பாங்க. காலேஜுக்கெல்லாம் விதி போடுற யுஜிசி ரூல்படி அசிஸ்டண்ட் ப்ரொபசருக்கு வாரம் 16 மணி நேரம், ப்ரொபசருக்கு 14 மணி நேரம் கிளாஸுன்னு ஒருத்தன் எங்கயோ படிச்சிட்டு வந்து, "எங்கப்பா ஒருவாட்டி கடலுக்கு போயிட்டு வந்தாலே அதவிட கூட ஆகும்ணே"ன்னு சொல்றான். நானும் உனக்காக வக்காலத்து வாங்கினேன், பிஹெச்டி பசங்க தீசிஸ் திருத்தணும், பேப்பர் எழுதணும், நாக் ஃபைலு, மீட்டிங்குன்னு. அவன் நம்பல. அதெல்லாம் கதவுக்கு அந்தாண்ட நடக்குது, அவன் கண்ணுக்கு தெரியுறது காலியா கிடக்குற நாற்காலி மட்டும் தான்.

அவங்க கொண்டாடுற ஆளுங்கள கேட்டா முக்காவாசி நிரந்தர வேலை இல்லாத கெஸ்ட் லெக்சரர் பேரா தான் இருக்கு. யுஜிசி 2019ல ஒரு கிளாஸுக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லியாச்சு, நம்ம அரசு கலைக் கல்லூரில அவங்க கைக்கு வர்றது 25,000, அதுவும் பதினோரு மாசத்துக்கு. அப்படி ஒருத்தர் என் கடைல வந்து பசங்களுக்கு கொஸ்டின் பேங்க் ஜெராக்ஸ் எடுத்தாரு, காசு யார் குடுத்தான்னு நினைக்கிற? நான் பாதி தான் வாங்கினேன், அதுக்கே அவருக்கு சங்கடம்.

நம்ம தெருவுல கடல்பாசி எடுக்க போற அக்கா ஒண்ணு இருக்குல்ல, அது மக எம்எஸ்சி பண்ணுது, உன்னோடது மாதிரியே பெரிய யுனிவர்சிட்டி. லீவுக்கு வந்தப்ப சொல்லுச்சு, அங்க ரெண்டு வருசம் படிச்சு பாஸாகி வெளிய வந்துரலாம், ஒருத்தருக்கும் நம்ம பேரே தெரியாதுன்னு. பாசி பத்தி பாடம் நடத்துனாங்களாம், ஸ்லைடுல ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம்னு பேரு ஓடுது. இதுக்கு மூணும் நல்லா தெரியும், சின்னதுல இருந்து வீட்டு முத்தத்துல காஞ்சது தானே, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. சொல்லலாம்னு வாயெடுத்துட்டு இங்கிலீஷ்ல எப்படி சொல்றதுன்னு தெரியாம உக்காந்துருச்சாம். அடுத்த வாரம் வேற ஒருத்தர் லேபுக்கு வந்தவரு, கடற்கரை ஊர்க்காரங்க யாருன்னு கேட்டு, இது பேர் சொல்ல சொல்ல போர்டுல ஸ்லைடு பேரையும் ஊர்ப் பேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதுனாராம். அத சொல்றப்ப அந்த புள்ள மொகத்த நீ பாத்திருக்கணும்.

கலாம் கதைய எல்லா பேராசிரியரும் மேடைல சொல்றாங்க, ராமேஸ்வரத்துல சிவசுப்ரமணிய அய்யர் பறவை எப்படி பறக்குதுன்னு காட்ட பசங்கள கடற்கரைக்கே கூட்டிட்டு போனாருன்னு. சொல்லிட்டு பொன்னாடைய வாங்கிட்டு கார்ல ஏறிருவாங்க. கடல் இங்கருந்து நடக்குற தூரம்டா.

இப்ப நான் சொல்ல வந்தது இது தான், திட்டாம படி. உன் ஃபீட்பேக்ல பேர் போடாம ஒருத்தன் எழுதினான்னு சொன்னியே, "சார் இங்கிலீஷ்லயே வேகமா போயிருவாரு, புரியலன்னா கை தூக்க பயமா இருக்கு"ன்னு, அத நீ சோம்பேறி எவனோ எழுதுனதுன்னு ஒதுக்கிட்ட. மார்க்கெல்லாம் தூக்கி போடு, அந்த வரிய மட்டும் போடாத. மொத செமஸ்டர்ல பாசஞ்சர் ட்ரெயின்ல வர்றப்ப, உச்சிப்புளி தாண்டுற வரைக்கும் வெளியவே பாத்துக்கிட்டு வந்து, "அவர் பேசுறது ஒரு எழவும் புரியலடா, படிப்ப விட்டுட்டு மீன் பிடிக்க போட்டுக்கு போயிரவா"ன்னு கேட்ட ஒருத்தன எனக்கு தெரியும். அவன் அன்னைக்கு கை தூக்கல. இப்ப சென்னைல அவன் கிளாஸ்ல அதே மாதிரி ஒருத்தன் உக்காந்திருக்கான். நீ இங்கிலீஷ விடணும்னு சொல்லல, சிலபஸ் அது தான், எனக்கு தெரியும். நடுவுல ஒரு தடவ நம்ம பேச்சுல சொன்னா குறைஞ்சு போயிருவியா? நீ சொல்றத தான் நான் இங்க கேட்டிருக்கேனே, டார்ச் வெளிச்சத்துல அலை எப்படி வருதுன்னு எனக்கு சொல்லி குடுத்தியே, ஜெராக்ஸ் கடைக்காரனுக்கே புரிஞ்சது.

ஓவரா பேசிட்டேன்னா விடு. தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு, புள்ளைக்கு லீவு விட்டாச்சா? இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான் இருக்கு. தம்பி கடலுக்கு போக டோக்கன் எப்ப குடுப்பாங்கன்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கான். புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்ததுல இருந்து ட்ரெயினு மறுபடி ராமேஸ்வரம் போகுது, தாம்பரத்துல இருந்தே நேரா இருக்கு, நீ இன்னும் ஒரு தடவ கூட அதுல வரல.

ஜூன் 14க்கு அப்புறம் வா, மொத பாடு நண்டு எடுத்து வைக்க சொல்றேன். வர்றப்ப அந்த பாசி அக்கா மகளுக்கு பிஹெச்டிக்கு எங்க அப்ளை பண்றது, கைடு யார பாக்குறதுன்னு விசாரிச்சுட்டு வா, அது என்ன கேக்குது, எனக்கு என்ன தெரியும்.

உன் மச்சான்
மண்டபம்