நாம்பன் கன்றுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தெமட்டகொடையில் முப்பது வருடங்களாக இறைச்சிக்கடை நடத்திவருகிறேன். மாட்டிறைச்சி விலை ஏறும்போதெல்லாம் கடைக்காரனோடுதான் சனங்கள் சண்டைக்கு வருகிறார்கள். மாடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பவர்கள் மிகச் சிலர். பாற்பண்ணைக்கும் வயலுக்கும் வேண்டாததுதான் மாடறுக்கும் மடுவத்துக்கு வருகிறது. முன்பு ஏருக்கும் வண்டிக்குமாவது நாம்பன்களை, அதாவது ஆண் மாடுகளை, வளர்த்தார்கள். உழவு இயந்திரம் வந்த பிறகு அந்தத் தேவையும் போய்விட்டது. அண்மையில் மட்டக்களப்பு ஏறாவூரில் மச்சானின் மாட்டுப்பட்டிக்குப் போயிருந்தேன். வேலியோரம் ஒரு நாம்பன் கன்றைத் தனியே கட்டியிருந்தார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தாய் கத்தும்போதெல்லாம் கயிறு கழுத்தை இறுக்க எழுந்து நின்றது. “இதற்குப் பாலை விட்டால் நான் எதை விற்பது?” என்றார் மச்சான். அவரில் பிழையில்லை. அந்தக் கன்று தேறினால் நல்ல இறைச்சி. தேற்றுவதற்குத் தீவனமும் புல்லும் வேண்டும். தீவனம் விற்கும் விலை ஊரறிந்தது.

புல்லுக்கு எங்கே போவது? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் பயிர்ச்செய்கைக்காக அத்துமீறுவதை எதிர்த்து மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் வீதியில் இறங்கினார்கள். அதற்கு முந்திய டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் ஆயிரத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. மாடுகளின் தோலில் கட்டிகள் கிளம்பும் தோல் கழலை நோயும் பரவியது. பட்டிகள் இப்படித் தேய்ந்தால் கொழும்புக்கு மாடு வராது, பாலும் வராது.

மாடறுப்பைத் தடைசெய்ய 2020 இல் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. வேண்டியவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றார்கள். 1958 ஆம் ஆண்டு மிருகங்கள் சட்டம் பசுக்களை அறுப்பதை ஏற்கெனவே கட்டுப்படுத்துகிறது. நாம்பன்களையும் விற்க முடியாது என்றால் பண்ணையாளர் அவற்றை எதைப் போட்டு வளர்ப்பார்? பால்மாவை டொலர் கொடுத்து வாங்கிப் பழகியதால் 2022 இல் வரிசையில் நின்றோமே, இறைச்சிக்கும் அதே கதி வேண்டுமா? மதத்துக்காக உண்ணாதவர்களை மனமார மதிக்கிறேன். என் கேள்வி பண்ணையாளரின் பிழைப்பைப் பற்றியது.

மேய்ச்சல் தரைகளின் எல்லைகளை அளந்து வர்த்தமானியில் அறிவியுங்கள். நாம்பன் கன்றுகளை இரண்டு மூன்று வருடம் வளர்ப்பவருக்கு மானிய விலையில் தீவனமும் கடனும் கொடுங்கள். நோய்த் தடுப்பூசி கடைசிப் பட்டி வரை, மழைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இறைச்சிக்கடைக்காரர்,
தெமட்டகொடை, கொழும்பு 09