பனிச்சறுக்குப் பள்ளிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகும் முன் ஹெல்மெட் வாரையும் பூட்ஸையும் சரிபார்க்கிறீர்கள். சன்ஸ்கிரீன் பூசியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பாருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

குளிர்காற்றில் வெயில் சுடுவதில்லை. அதனால் யாருக்கும் அதன் நினைப்பே வருவதில்லை. ஆனால் தோலைக் கெடுப்பது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் 10 விழுக்காடு கூடும். புதுப்பனியோ தன்மேல் விழும் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேலிருந்து வந்தது போதாதென்று கீழிருந்தும் வருகிறது. மோவாயின் அடிப்பக்கமும் மூக்கின் கீழ்ப்புறமும் கூட வெந்துபோவது இதனால்தான். அங்கே யார் பூசுகிறார்கள்? காது, உதடு, பின்கழுத்து எல்லாம் விட்டுப்போகிற இடங்களே. மேகம் போட்டுவிட்டால் கண்ணாடியையும் கழற்றிவிடுகிறார்கள். மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது.

கண்ணைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பனிக்குருடு என்பது கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோவது. மலையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, அறைக்குத் திரும்பிய பிறகு, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, கண்ணைத் திறக்கவே முடியாமல் போகும். பாடம் முடிந்து நீங்கள் விடைபெற்ற பிறகு நடப்பதால் இது உங்கள் கவனத்துக்கு வருவதே இல்லை.

உங்கள் உடம்பையும் பாருங்கள். காகிள்ஸ் என்னும் பனிக்கண்ணாடி மூடிய இடம் மட்டும் வெளுத்து, மற்ற இடம் கறுத்துத் தடம் பதிந்த முகத்தைப் பலர் பெருமையாக நினைக்கிறார்கள். சீசன் முழுக்க மலையில் நிற்பவர்கள் நீங்கள். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தத் தடம் தோல் பட்ட அடியின் அடையாளம். அதைக் கொண்டாடுவதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறார்கள்.

பள்ளி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். காலையில் பூசியது நாள் முழுக்கத் தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வையும் முகத்தைத் துடைக்கும் கையுறையும் அதை இன்னும் சீக்கிரம் எடுத்துவிடும். ஆகவே பாட அட்டவணையிலேயே அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்கு நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் ஒரு சிறு டியூப் கொடுங்கள். அது ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும், வெளிப்பையில் வைத்தால் குளிரில் இறுகிப் பிதுக்க வராது.