வாலில் இருந்த ‘த’

திருகோணமலை

அன்புள்ள மகள் தர்சினிக்கு,

சுகமாக இருக்கிறாயா. நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியே. போனில் கதைத்தால் “ஓம் அப்பா, சரி அப்பா” என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பலகையில் எழுத்தெழுதிச் சாப்பிட்டவன், கடிதம் எழுத வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டு அண்ணன் நாளை இரவு ரயிலில் கொழும்புக்கு வருகிறார். இதோடு கட்டாக் கருவாடும் கொஞ்சம் ஒடியல் மாவும் தந்துவிடுகிறேன். கருவாட்டை அறையில் திறந்து வைக்காதே, கூட இருக்கும் பிள்ளைகள் கோபிப்பார்கள்.

கச்சான் காற்று அடங்கிவிட்டது. ஒரே புழுக்கம். நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிற பந்தல், கும்பத்துமால் போடத் தொடங்கிவிட்டார்கள். போன வருடம் நீ வந்து கீறிக்கொடுத்த அம்மன் முகத்தைப் பொலித்தீன் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். “மகள் இந்த முறையும் வருவாவா?” என்று கேட்டார்கள். படிப்பு என்று சொல்லியிருக்கிறேன். கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்கள் இப்போது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வருகின்றன. ஏணிக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த பேப்பரை ஒன்று தின்றுவிட்டது, நான் அளவு குறித்த பேப்பர். பழையபடி அளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அனுப்பும் படம் ஐந்து கிழமையாக வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை. வேலை இருக்கும்.

இரவில் சாப்பிடு. நூடில்ஸ் சாப்பாடு அல்ல.

உனக்கு ஞாபகம் இருக்கும், லைவ் பிரீஃப் என்று நீ முதல் தரம் சொன்னபோது நான் சிரித்தேன். உண்மையான கம்பனி வரும், உண்மையான வேலை தரும், இறுதி வருடப் பிள்ளைகள் செய்துகொடுக்க வேண்டும், அதற்குத்தான் மார்க்ஸ் என்றாய். எங்களிடம் கடைக்காரர் வாசலில் நின்று “இப்படி வளைச்சு, இஞ்சால ஒரு பூ” என்று கையால் காற்றில் எழுதிக் காட்டுவார். அதுதான் பிரீஃப். நீயோ தாளில் அச்சடித்த ஒன்றைக் காட்டினாய்: யார் வாங்குவார்கள், எந்த வயது, எத்தனை நிறம், எந்தத் தேதிக்கு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. முதலில் தீப்பெட்டி அளவில் இருபது சின்னப் படம், பிறகு ரஃப், பிறகு நிறம் போட்ட ரஃப், கடைசியில்தான் படம். உனக்கு வந்த வேலை கறித்தூள் பக்கெட் உறை, அதன் நாலு ஓரத்திலும் மூன்று மில்லிமீற்றர் கூட்டிக் கீற வேண்டும், வெட்டும் கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளை தெரியக் கூடாது என்றாய். ஸ்கிரீனில் மின்னும் பச்சை, அச்சில் நாலு மையில் வரும்போது செத்துப்போகும் என்றாய். எங்களுக்கு வெயில்தான் அந்த வேலையைச் செய்யும். இந்த ஊர் வெயிலில் முதலில் போவது சிவப்பு.

திருத்தம் இரண்டு தரம் இலவசம், மூன்றாம் தரத்துக்குக் காசு, தொழில் செய்பவர்கள் அப்படித்தான் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்றும் நீதான் சொன்னாய். அந்தக் கணக்கு எனக்கு முப்பது வயதில் தெரிந்திருந்தால் இந்த வீட்டுக்கு மாடி இருந்திருக்கும். சுனாமிக்குப் பிறகு 2005 முழுக்க எத்தனை என்ஜிஓ போர்டு எழுதினேன், அம்மாவைக் கேள். நீ அப்போது தவழ்ந்து வந்து பேணிக்குள் கை விடுவாய். அவர்களிடம் எந்த நீலம் என்பதற்குக்கூட எண் இருந்தது. பேன்டோன் என்று ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டேன். மூன்று பேணி பெயின்டைக் கலந்து அந்த எண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன், பார்த்த வெள்ளைக்காரன் முதுகில் தட்டினான். கூரை ஓடு அந்தக் காசு.

ஆனால் நல்ல வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரு மோசமானவர் இருக்கிறார். ஒருவர் துண்டில் எழுதிக் கொடுத்த சிங்கள எழுத்தை அப்படியே எழுதினேன், துண்டில் இருந்த பிழையோடு. ஏற்றின பிறகு “நான் இப்படித் தரவில்லை” என்றார். துண்டு என்னிடம் இல்லை, தகரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் செலவில் அழித்து எழுதினேன். அதனால் சொல்கிறேன், எதையும் எழுத்தில் வாங்கு. வாட்ஸ்அப்பில் சொன்னாலும் சரி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை.

சரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வியாழன் மெயின் வீதிக் கடையில் அந்தப் பக்கெட்டைப் பார்த்தேன்.

வறுத்த தூள், இருநூறு கிராம். மேல் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முதலில் பார்த்தது காலை. உரலுக்கு முன்னால் இடது காலை ஒரு சாண் முன்னுக்கு வைத்து, பெருவிரலை மட்டும் நிலத்தில் ஊன்றி. அம்மம்மாவைத் தவிர இந்த உலகத்தில் வேறு யார் அப்படி நின்று இடிப்பார்? நீ சித்திரையில் அனுப்பிய ரஃப் என் போனில் இருக்கிறது, கடையிலேயே எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தேன். கால் அதேதான், உலக்கை பிடித்த கையும் அதேதான். முகம் மட்டும் வேறு யாரோ. பால் நிறம். அம்மம்மாவின் கறுப்பு எங்கே? மூக்குத்தி எங்கே? ‘கொஞ்சம் வெளிச்சமாக்கச் சொல்கிறார்கள் அப்பா’ என்று நீ ஒரு நாள் சொன்னாய், நான் படத்தின் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது திருத்தம் என்றும் சொன்னாய். நான் “கஸ்டமர் சொன்னால் செய்துகொடு, மார்க்ஸ் முக்கியம்” என்றேன். அந்த வாயை என்ன செய்வது.

நாலு பக்கெட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பின்பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், எல்லாம் இருக்கிறது. அச்சடித்தவர் பெயர்கூட இருக்கிறது. உன் பெயர் இல்லை. அம்மா கத்தரிக்கோலால் ஓரத்தை மெதுவாக வெட்டித் தூளைப் போத்தலில் கொட்டிவிட்டு, பக்கெட்டைத் துடைத்துச் சாமி அறையில் வைத்திருக்கிறா. அவவுக்கு அந்த நிறமெல்லாம் கவலை இல்லை, “என் அம்மாவின் கால்” என்கிறா. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் காட்டியாயிற்று. எனக்கும் பெருமை இல்லாமல் இல்லை. இலங்கை முழுக்க அடுப்படிகளில் எங்கள் வீட்டுக் கால் நிற்கிறது.

பக்கெட் கடைக்கு வந்துவிட்டதை நீ ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாங்கள் கடைத் தட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களா.

விடு. அதை அழித்துவிட்டு வாசி.

காசு தரவில்லை என்பதும் எனக்கு இப்போது உறுத்துகிறது. மார்க்ஸுக்காகச் செய்த வேலையை அவர்கள் விற்கிறார்கள், அப்படியானால் அது படிப்பா, சும்மா கொடுத்த கூலியா? நானும் என் மாஸ்டரிடம் இரண்டு வருடம் தேத்தண்ணிக்கும் பணிஸுக்கும் பிரஷ் கழுவினேன். கழுவினது மண்ணெண்ணெயில், கை வெடித்துப்போகும். ஆனால் அவர் என் கையால் எழுதியதை விற்கவில்லை. மூன்றாம் வருடம் எழுதவிட்டபோது பாதிக் காசு தந்தார். சம்பளம் இல்லாமல் பழகுவது வேறு, பழகுகிற பிள்ளையின் வேலையை விற்பது வேறு. உன் விரிவுரையாளர்களிடம் இதைக் கேள். மரியாதையாகக் கேள். எழுத்தில் கேள்.

நான் ஒரு சட்டத்தரணிக்குப் பெயர்ப்பலகை எழுதினவன் என்பது உனக்குத் தெரியும், கோட்டடிக்குப் பக்கத்தில். பக்கெட்டோடு அவரிடம் போனேன். மடத்தனம் என்று அம்மா சொன்னா. அவர் பொறுமையாகப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படத்தை விற்று உழைக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், கீறினவரின் பெயர் தெரிய வேண்டும் என்கிற உரிமை கீறினவரோடுதான் இருக்குமாம். படத்தைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் மறுக்கிற உரிமையும் இருக்கிறதாம். சின்னப் பக்கெட்டில் இடமில்லை என்று அவர்கள் சொல்லக்கூடும், அதற்கும் சட்டத்தில் ‘இயன்ற அளவு’ என்று ஒரு வாசல் இருக்கிறது என்றார். ஆனாலும் நீ கையெழுத்து வைத்த கடுதாசியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்து வைக்க முன் வாசித்தாயா? வாசித்திருக்க மாட்டாய். நானும் வாசிக்கிறவன் இல்லை.

வரும் வழியில் டச்சுக் குடாவில் சைக்கிளை நிறுத்திவிட்டு இருந்தேன். அந்தக் கம்பனிக்காரரைத் திட்டித் திட்டி வாய் களைத்துப்போனது. பெயரைக் களவெடுத்துவிட்டான் என்று திட்டும்போதுதான் அந்தப் பாரை மீன் வந்து முன்னால் நின்றது.

உனக்கு மறந்திருக்காது. மறந்துவிட்டாய் என்று இத்தனை வருடம் நான் நடித்தேன்.

திருக்கடலூரில் வள்ளம் வைத்து மீன் தொழில் செய்த சம்மாட்டியின் ஐஸ் மீன் கடை போர்டு. உனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூட விடுமுறை. டிஜிட்டல் பேனர் வந்து எனக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. எழுத்தை நான் எழுதிவிட்டேன், மீன் மட்டும் சரிவரவில்லை, கை நடுங்கியது. இரண்டு தரம் அழித்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் நீ வெண்கட்டியால் கோடு போட்டு, ஒரே மூச்சில் அந்தப் பாரையைக் கீறிவிட்டாய். செதிலைக்கூட எண்ணிப் போட்டதுபோல் இருந்தது, கண் என்னைப் பார்த்தது. வாலுக்குள் ஒரு சின்ன ‘த’ வைத்திருந்தாய். சம்மாட்டியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் வெள்ளையைத் தொட்டு அந்த ‘த’வை மூடினேன். மூன்று இழுப்பு. நீ தின்னர் பேணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய்.

“உன்ர கை இன்னும் தளரயில்லை” என்றார் அவர். நான் சிரித்தேன். மேலே ஐந்நூறு ரூபா தந்தார். அந்தக் காசில்தான் உனக்கு முதல் வாட்டர்கலர் பெட்டி வாங்கினேன். அப்பா வாங்கித் தந்தது என்று நீ எல்லாருக்கும் காட்டினாய். அதற்கும் நான்தான் பெயர் எடுத்தேன்.

காசுக்காகச் செய்யவில்லை மகள். அந்த ஒரு சொல்லுக்காகச் செய்தேன். கை தளரவில்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டபோது “மகள் கீறினது” என்று சொல்ல எனக்கு மூன்று சொல் போதாதா, இல்லை, இரண்டு சொல். உன்னிடம் ஒரு நாளும் இதைக் கதைத்ததில்லை. நீயும் கேட்டதில்லை. பெயர் போடாமல் எடுத்துப் போனவர்களில் முதல் ஆள் அந்தக் கம்பனி இல்லை. அதனால் நீ எங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்கு அதன் காரணம் தெரியும்.

நேற்றுச் சம்மாட்டியின் கடைக்குப் போனேன். பழைய போர்டுக்கு மேல்தான் பேனர் கட்டியிருந்தார்கள், காற்று கிழித்ததில் வால் வெளியே தெரிகிறது. இப்போது மகன்தான் கடை. வருகிற மாதம் லைட் போர்டு போடுகிறானாம். “இதை என்ன செய்யப்போறாய், இரும்புக்குத்தானே” என்று கேட்டேன், தந்துவிட்டான். முச்சக்கர வண்டியில் பின்னால் நீட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் சாத்தி வைத்திருக்கிறேன். எழுத்து எல்லாம் மங்கிவிட்டது, மீனின் சிவப்புச் செட்டையும் போய்விட்டது. மற்றதெல்லாம் நிற்கிறது. நான் பூசின வெள்ளை அந்த இடத்தில் மட்டும் மஞ்சளடித்துத் தெரிகிறது.

தின்னரால் சுரண்டிப் பார்க்கலாம், கீழே இருப்பதும் சேர்ந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நீ இப்போது பெயரை எப்படி வைக்கிறாய்? பழைய ‘த’தானா, வேறு மாதிரியா? ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. வெள்ளை இருக்கிறது, கறுப்பு எனாமல் காய்ந்துவிட்டது, கால் லீற்றர் பேணி ஒன்று வாங்க வேண்டும். மழை தொடங்க முன் செய்தால்தான் காயும்.

அம்மா கேட்கச் சொன்னா: தூள் காரம் காணாது, கம்பனிக்குச் சொல்லலாமா என்று.

இரவில் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா