மேடை வேண்டாம், செவ்வாய்க்கிழமைக்கு ஓர் அறை கொடுங்கள்

ரங்கூன் தமிழ்த் திருச்சபைகளின் போதகர் ஐயாமாருக்கும் மூப்பர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும், கர்த்தருடைய நாமத்தில் தோத்திரம்.

மழை ஓய்ந்ததும் கன்வென்ஷன் கூட்டங்கள் ஆரம்பித்துவிடும். குடியையும் போதை ஊசியையும் விட்டவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்க ஆள் தேடுகிறீர்கள். என் தம்பியைக் கேட்டும் வீட்டுக்கு ஆள் வந்தது. அவன் வரமாட்டான் என்று சொல்லி அனுப்பினேன். வந்த பெரியவர் மனம் வருந்தித் திரும்பிப் போனார். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

என் தம்பியை மீட்டது இயேசு கிறிஸ்து. அதில் எனக்கோ அவனுக்கோ சந்தேகமே கிடையாது. ஆனால் அவர் அவனிடம் வந்து சேர்ந்த வழி நம் மேடை வழியாக இல்லை. அதைத்தான் நீங்கள் கேட்கவேண்டும்.

வடக்கே கச்சின் மாநிலத்தில் ஜேடு என்னும் பச்சைக்கல் தோண்டும் சுரங்கங்களுக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கம்பெனி லாரிகள் கொட்டிவிட்டுப் போகும் மண்மேட்டில் ஏறி, கையால் கல் பொறுக்குகிற வேலை. யேமசே என்று பர்மியர் சொல்வார்கள். ராத்திரி முழுக்க விழித்திருக்கவேண்டும், மேடு எப்போது சரியும் என்று தெரியாது. கல் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த மேடுகளைச் சுற்றி ஹெராயின் கிடைக்கும். உடம்பு வலி தெரியாமலிருக்க ஒரு தடவை என்று ஆரம்பித்தவன்தான் என் தம்பியும். கல்லோடு வருவான் என்று அம்மா வழி பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் தழும்புகளோடு வந்தான்.

ஒரு சபை அவனை அன்போடு ஏற்றுக்கொண்டது உண்மை. உபவாசமிருந்து ஜெபித்தார்கள். தலையில் கை வைத்து அழுதவர்களின் கண்ணீரும் பொய்யில்லை. உடம்பு நடுக்கமும் வாந்தியும் தணிந்து அவன் நாலு வாய் சோறு தின்னத் தொடங்கியதுமே, வெள்ளைச் சட்டை போட்டு மேடையில் நிறுத்தினார்கள். அல்லேலூயா முழங்கியது. போனில் படம் பிடித்தார்கள், ஃபேஸ்புக்கில் போட்டார்கள். மறுநாளே தேநீர்க் கடையில் உட்கார முடியவில்லை அவனால். கடைத்தெரு முழுக்க அவன் கதை. அவனுக்குப் பொட்டலம் விற்றவனுக்கும் அது தெரியும். எல்லாரும் அவனைச் சுகமானவன் என்றார்கள். உள்ளே இன்னும் ஆசை எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் மேடையில் சொன்னது பொய்யாகிவிடாதா? வாயை மூடிக்கொண்டான். பிறகு ஒரு நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம், உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

இதை டாக்டர் எங்களுக்கு விளக்கியபோதுதான் புரிந்தது. சில வாரம் விட்டிருந்தாலே உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். முன்பு போட்ட அதே அளவை மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடும். ஆகவே விட்டுவிட்டு மறுபடி தொடுகிற நாள்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தான நாள். நம் மேடைச் சாட்சிகள் எல்லாம் சரியாக அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன.

அவன் விழுந்தான் என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வந்துபோனவர்கள் நின்றுவிட்டார்கள். போன பிசாசு ஏழு பிசாசுகளோடு திரும்பிவிட்டது என்று ஒருவர் சொன்னதாக அம்மா காதுக்கு வந்தது. அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஆராதனைக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் கரேன் இனத்து மனிதர் ஒருவர்தான். இன்செயின் பக்கத்து பாப்டிஸ்ட் சபையில் உதவிக்காரர், ஒரு காலத்தில் பெரிய குடிகாரர். என் தம்பி அவரை ஊலே என்று கூப்பிடுவான், பர்மிய மொழியில் மாமா என்பதுபோல. வந்தவர் ஜெபிக்கக்கூட இல்லை. பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குத் தூங்கினாயா என்று கேட்டார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

பெண்களும் வரலாம் என்ற ஒரு நாளில் நானும் அங்கே போயிருக்கிறேன். ஒரு வீட்டு மாடி, தரையில் பாய். வெறுந்தேநீர்க் கெட்டில் ஒன்று, ஒரு தட்டில் லபெத் என்னும் ஊறவைத்த தேயிலை. கரென்ட் போய்விட்டால் பேட்டரி விளக்கை எடுத்து வைப்பது என் தம்பியின் வேலை. அவனை நம்பி அந்த வீட்டில் கொடுத்த முதல் பொறுப்பு அது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை, ஆமென் போடுவதுமில்லை. “இன்று காலையில் ஆசை வந்தது, ஊலேவுக்கு போன் பண்ணினேன்” என்று ஒருவன் சொன்னான். “நேற்று குடித்துவிட்டேன்” என்று இன்னொருவர் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை, கெட்டில் அவர் பக்கம் நகர்ந்தது. கடைசியில் ஒரு சங்கீதம் வாசித்து, ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவருக்காக ஜெபித்துவிட்டுக் கலைந்தார்கள். நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு எழுதியது அப்படியே என் கண் முன்னால் நடந்தது.

இதெல்லாம் புது வழியுமல்ல. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள், ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசியதில்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட விரும்புகிறவர்கள் பெயர் வெளியிடாமல் கூடுகிற சங்கம் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தின் வழியாக வந்தவர்கள் அவர்கள். பாவ அறிக்கை, செய்த தீங்குக்கு ஈடு செய்தல், ஜெபம் எல்லாமே அங்கிருந்து எடுத்துக்கொண்டவை. ஆனால் பெயர் வெளியே போகக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். நம்மிடம் வேதமும் ஐக்கியமும் இருக்கின்றன. இல்லாதது அந்தக் கறார்தான்.

நாம் சிறிய கூட்டம், ஐயா. 1942இல் யுத்தத்துக்குப் பயந்து நடந்தே இந்தியா போனவர்கள், 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் கப்பலேறியவர்கள் எல்லாம் போக மிஞ்சிய குடும்பங்கள். ஒரு சபையில் பாதிப்பேர் பாதிப்பேருக்குச் சொந்தம். ஒரு வீட்டுப் பையன் யாமா என்னும் போதை மாத்திரை போடுகிறான் என்று தெரிந்தால் அவன் அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் தாய்மார் வாயைத் திறப்பதில்லை. போலீஸ் பயம் வேறு. பதிவு செய்துகொள்ளாத போதைப் பழக்கக்காரனைச் சிறைக்கு அனுப்ப 1993ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 2018இல் அது திருத்தப்பட்டது, ஆனாலும் போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பது இன்றும் கடுங்குற்றம். இந்தப் பயத்தோடு வருகிறவனிடம் முதல் நாளே மைக்கை நீட்டுகிறோம்.

மருந்து விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். தம்பி மெத்தடோன் குடிக்கிறான், ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது. தினம் காலையில் கிளினிக்குக்குப் போவான். நர்ஸ் சின்ன பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுப்பாள், அவள் கண் முன்னாலேயே குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிக் காட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் வேலைக்கு. 2006 முதல் நம் நாட்டில் இந்தச் சிகிச்சை இருக்கிறது. மெல்ல வேலை செய்து ஒரு நாள் முழுக்க நிற்கிற மருந்து. உதறலும் வலியும் வராது, ஊசி தேடி ஓடவேண்டியதில்லை, ஊசி மாற்றிப் போட்டு எச்ஐவியும் ஹெபடைடிஸும் வாங்கவேண்டியதுமில்லை. ஒரு போதைக்கு இன்னொரு போதையா, இது விசுவாசக் குறைவு என்று ஒரு மூப்பர் அவன் முகத்துக்கு நேரே கேட்டார். நற்கருணை எடுத்து வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை மாத்திரை போடுகிற மூப்பர்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசுவாசத்தை யாரும் அளப்பதில்லை. பவுல் தன்னோடு வைத்திருந்த லூக்கா வைத்தியன்தானே? தயவுசெய்து, மருந்தை நிறுத்து என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு நிறுத்தியவன் பழைய அளவுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

குடியில் ஆபத்து வேறு மாதிரி. ஹெராயினை நிறுத்துகிறவன் தவித்துப் புரள்வான், பெரும்பாலும் உயிர் போகாது. வருஷக்கணக்காக மொடாக் குடி குடித்தவன் திடீரென்று நிறுத்தினாலோ, இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கிப் பிதற்றலாம், சாகவும் சாகலாம். அப்படிப் பிதற்றுகிறவனைப் பிசாசு பிடித்தவன் என்று அறையில் பூட்டி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் உபவாச ஜெபம் நடத்தினால் நாமே அவனைக் கொன்றவர்களாவோம். முதலில் ஆஸ்பத்திரி. ஜெபம் கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கட்டும். யாமாவுக்கு மெத்தடோன் போல ஒரு மருந்து கிடையாது. பேச்சும் துணையும்தான் மருந்து, அதாவது சபையால் கொடுக்க முடிந்தது.

கச்சின் பாப்டிஸ்டுகளிடமிருந்து 2014இல் பாட்ஜசான் என்ற போதை எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் புதைத்த சனத்தின் கோபம் அது. அபின் எடுக்கும் கசகசா வயல்களை அழிக்கத் துணிந்து போனார்கள், 2016இல் வெய்ங்மோ பக்கத்தில் அடியும் பட்டார்கள். அந்தத் துணிவுக்கு முன் தலை வணங்குகிறேன். ஆனால் போதைப் பழக்கக்காரர்களைப் பிடித்துவந்து பிரம்பால் அடித்ததும் தொழுமரத்தில் மாட்டியதும் நடந்தது. நம் இளைஞர் சங்கத்தில் சிலர் அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்று பேசுவதைக் கேட்கிறேன். வேண்டாம். அடித்தவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலு பேர் சுமந்து வந்தார்கள், கூரையைப் பிரித்தார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு அவன் பாவங்களை மன்னித்தார், பிறகு அவனைச் சுகமாக்கினார் என்று எழுதியிருக்கிறது. தன் விசுவாசத்தைக் காட்டும்படி அவனை யாரும் கேட்கவில்லை. என் தம்பிக்கு அந்த நாலு பேர் கிடைத்தார்கள். ஆனால் அவர்கள் பர்மிய மொழியில் அவனுக்காக ஜெபிக்கிறார்கள். அவன் தமிழில் அழுகிறவன், தமிழில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்தவன். தமிழர் தொடங்கிய ஆலயங்கள் இத்தனை இருக்கும் ரங்கூனில், பாயைப் போட்டு உட்கார ஒரு தமிழ் அறை அவனுக்கு இல்லை.

அதைத்தான் கேட்கிறேன். உங்கள் வளாகத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சும்மா கிடக்கும் ஓய்வுநாள் பள்ளி அறையைத் திறந்து கொடுங்கள். வாசலில் பேனர் வேண்டாம். பெயர்ப் பதிவேடும் வேண்டாம், ஞானஸ்நானம் பெற்றவனா என்ற கேள்வியும் வேண்டாம். அந்த அறையில் கேட்டது கமிட்டிக் கூட்டத்துக்கு வராது என்று போதகர் ஐயா சபைக்கு முன்னால் வாக்குக் கொடுக்கவேண்டும். வேறொரு நாளில் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் அதே அறை வேண்டும், அவர்கள் தூக்கமில்லாமல் கழித்த இரவுகளைக் கேட்க இதுவரை ஒருவரும் இல்லை. கன்வென்ஷனுக்கு ஷாமியானா போடும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், தேநீருக்கும் கிளினிக் போய்வரப் பஸ் காசில்லாதவர்களுக்கும் ஆகும்.

ஊலே வந்து முதல் சில கூட்டங்களை நடத்திக் காட்டச் சம்மதித்திருக்கிறார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல என் தம்பி இருப்பான். மேடையில் நிற்க மறுத்தவன் அங்கே வந்து பாய் விரிப்பான். எந்தச் சபை முதலில் அறை கொடுக்கிறது என்று இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் பேசி முடிவு செய்து, ஆராதனை அறிவிப்பில் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி, ரங்கூன்