64ஆம் பிரிவு

பிள்ளை,

நாளைக்கு டிசம்பர் 10, மனித உரிமை நாள். ‘சாதிக்குப் பயந்த சேர்’ என்று விவாதப் போட்டிக்குப் பிறகு நீர் போட்ட பதிவுக்கு இது பதில். அந்த மண்டபம், அந்த முடிவு எல்லாம் உமக்குத் தெரிந்தவை. நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதால் சில பெயர்களை விழுங்கித்தான் எழுதுகிறேன். அதையும் பயம் என்பீர். சொல்லும்.

விவாத உரையில் அடிமைமுறை பற்றி நீர் எழுதி, நான் வெட்டச் சொன்ன மூன்றாம் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது.

‘மனித உரிமை மேற்கின் சரக்கு’ என்ற தலைப்புக்கு எதிரணியில் எவர் நின்றாலும் முதலில் எடுப்பது வாக்குக் கணக்கை: 1948இல் ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு 58 நாடுகளில் 48 ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 8 நடுநிலை, 2 வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. அடுத்து ஹன்சா மேத்தா. பிரகடனத்தின் முதலாம் உறுப்புரையில் ஆண்களை மட்டும் குறித்த சொல்லை, எல்லா மனிதரையும் குறிக்கும்படி மாற்ற வைத்த இந்தியப் பெண். இரண்டும் நல்ல சான்றுதான். ஆனால் ‘அன்றைக்கு இலங்கை எங்கே இருந்தது?’ என்று ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் பிள்ளைகள் வாயடைத்து நிற்பார்கள். இலங்கை ஐ.நா.வில் சேர்ந்தது 1955 டிசம்பர் 14இல்.

நீர் அந்த வழியால் போகவில்லை. 1833ஆம் ஆண்டுப் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டத்தின் 64ஆம் பிரிவைப் பிடித்தீர். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கைத் தீவு, சென் ஹெலேனா ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கிறது. விடுதலை கொடுத்தோம் என்று மார்தட்டிய சட்டம் எங்களைப் பெயர் சொல்லியே வாசலுக்கு வெளியே விட்டது. நட்டஈடாக ஒதுக்கிய 2 கோடி பவுணும் உடைமைக்காரருக்கு. அடிமையாயிருந்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. 1838 வரை ‘பயிலுநர்’ என்ற பெயரில் அதே வேலை. இலங்கைக்கு 1844இல் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குக் கீழேதான் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை நீர் வைத்திருந்தீர். 1707இல் ஒல்லாந்தருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்தது. காணி, சீதனம், ஈடு என்று போகிற அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. எந்தெந்தச் சாதியார் என்று அதில் பெயரே இருக்கிறது. நான் இங்கே எழுதப்போவதில்லை. உமக்குத் தெரியும், இதை வாசிக்கிற பலருக்கும் தெரியும்.

போட்டியன்று மண்டபத்தின் பின்படியில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். கோட்டைப் பக்கத்து மான் ஒன்றும் தாழ்வாரத்துக்குள் வந்து நின்றது. பென்சிலை நீட்டி, “இதை வெட்டும்” என்றேன். நீர் வாங்கவில்லை. “சேர், உண்மையோ பொய்யோ எண்டு நீங்கள் கேட்கேல்ல. ஆருக்கு நோகும் எண்டுதான் பாக்கிறியள்.” பிறகு வாங்கி, அழுத்திக் கோடு போட்டீர். தாளின் மறுபக்கத்தில் விரலை வைத்தால் அந்தக் கோடு இன்றைக்கும் தட்டுப்படுகிறது.

நேரம் போதாது என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சொல். உமது பக்கமே 180 சொல்லைத் தின்றது. நொண்டிச்சாட்டுத்தான். வாக்குக் கணக்கை வெட்டியிருக்கலாம்.

வாதத்தில் ஆபத்து இருந்ததும் பொய்யில்லை. தேசவழமையை முதலில் சொன்னால் ‘பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வந்துதான் மீட்டான்’ என்று எதிரில் நிற்பவர் தூக்கிக்கொண்டு போவார். 64ஆம் பிரிவு முன்னுக்கு, தேசவழமை பின்னுக்கு. அப்போதுதான் கொடுத்ததாகச் சொன்னவனும் தப்பமுடியாது, வைத்திருந்த நாங்களும் தப்பமுடியாது. 1816ஐயும் கையோடு வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கிற பிள்ளைகள் சுதந்திரர் என்று பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் உடைமைக்காரரை இணங்க வைத்த கதையைக் காட்டி, ‘நாங்களாகவே விட்டோம்’ என்று யாராவது எழும்புவார். அப்படியென்றால் 1844இல் கட்டளைச்சட்டம் எதற்கு என்ற ஒரு கேள்வி போதும். இதையெல்லாம் நீர் சரியான ஒழுங்கில்தான் எழுதியிருந்தீர். நான்தான் முன்வரிசையைப் பார்த்தேன்.

அங்கே யார் இருந்தார், அடுத்த ஆண்டு எங்களுக்கு மண்டபம் தருகிறவர் யார் என்று உமக்குத் தெரியாது. தெரியாமலே ‘சாதிக்குப் பயந்த சேர்’ என்று ஊரறிய எழுதினீர். பன்னிரண்டு வருடம் சனிக்கிழமை பின்னேரங்களைத் தின்று வளர்த்த அணி அது. ஒரு சொல் என்னிடம் நேரே கேட்டிருக்கலாம்.

அந்தப் பதிவில் ஒரு பிழையும் விட்டீர். நாலு பேர் பாராட்டியதால் ஒருவரும் சொல்லவில்லை. அத்திலாந்திக்கில் கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1 கோடி 25 லட்சம், இன்றைய நவீன அடிமைகள் 4 கோடி 96 லட்சம், ஆகவே இன்றுதான் அதிகம் என்று எழுதினீர். முதலாவது மூன்றரை நூற்றாண்டு ஓட்டத்தின் கூட்டுத்தொகை. இரண்டாவது 2021இல் இருந்த இருப்புக்கான மதிப்பீடு. அதிலும் 2 கோடி 20 லட்சம் கட்டாயத் திருமணம். ஓட்டத்தையும் இருப்பையும் ஒரே தராசில் போட்டால் நல்ல நடுவர் ஒருவர் அந்த இடத்திலேயே உம்மைப் பிடிப்பார்.

எண்ணை விட்டு வரைவிலக்கணத்தைப் பிடியும். 1926ஆம் ஆண்டு அடிமைத்தன உடன்படிக்கை, உடைமையுரிமைக்குரிய அதிகாரங்களில் எதையாவது ஒரு ஆள்மேல் செலுத்தும் நிலையையே அடிமைநிலை என்கிறது. விலைச்சீட்டுத் தேவையில்லை. கடவுச்சீட்டு யார் கையில், சம்பளம் யார் கையில், வெளியேற யார் அனுமதி என்று கேட்டுக்கொண்டு போகலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் இது புத்தக விஷயமில்லை. வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன ஒரு பிள்ளைக்கு 2013 ஜனவரியில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அதை மேடையில் புள்ளிக்கு விற்கவேண்டாம் என்று தடுத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்தத் தாயும் இந்த ஊர்ச் சனத்தோடுதான் சந்தைக்குப் போகிறவர்.

உமது பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தோட்டத் தொழிலாளரைக் கடனோடு கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. அவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15இல். தேசிய இனத்துவம் எல்லோருக்கும் உரிமை என்று பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை பாரிசில் நிறைவேற இன்னும் 25 நாள்தான் இருந்தது. எங்கள் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் 10 முதல் 14 வரையான உறுப்புரைகளில் அடிமைத்தனம் என்ற சொல்லைத் தேடிப்பாரும், கிடைக்காது. அடிமைப்படுத்துவதையும் கட்டாய வேலையையும் குற்றமாக்கும் 358அ என்ற பிரிவு தண்டனைச் சட்டக்கோவைக்கு 2006இல்தான் வந்தது.

இம்முறை அணிக்கு உமது பக்கத்தை வெட்டாமல் கொடுக்கிறேன். மண்டபம் போனால் போகட்டும். ஒரு திருத்தம் மட்டும்: சட்டத்தின் ஆண்டை 1834 என்று போட்டிருக்கிறீர். நிறைவேறியது 1833, நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1.

பிள்ளைகள் எழுதியவரின் பெயரைக் கேட்கிறார்கள். போடவா, வேண்டாமா?

சேர்