புகார் கடிதம்: 1975 என்று விற்கப்பட்ட 6502 சிப் குறித்து

அனுப்புநர்: ஆர்டரில் உள்ள பெயர், முகவரி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: மறு அச்சு செய்த (மேலே பெயரும் தேதியும் புதிதாக அச்சிட்ட) சிப்பை அசல் என்று விற்றது, முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்களிடம் வாங்கிய வெள்ளைப் பீங்கான் உறை 6502, அதாவது பழைய கணினிகளின் மையச் செயலி சிப், அசல் இல்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். "சிப் நன்றாக வேலை செய்கிறது, சோதனை அறிக்கையை இணைத்துள்ளோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. புகாரை முடித்துவிட்டதாகவும் தகவல் வந்துவிட்டது. அந்த அறிக்கைதான் உங்களைக் காட்டிக்கொடுக்கிறது.

"மாஸ் டெக்னாலஜி எம்சிஎஸ்6502, 1975 தயாரிப்பு, அசல்" என்பது உங்கள் விற்பனைக் குறிப்பு. சிப்பின் தேதிக் குறியீடும் 1975-ன் கடைசி வாரங்களைத்தான் காட்டுகிறது. சாதாரண 6502 வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறையில் எங்கும் கிடைக்கும்; அந்தத் தேதிக்காகத்தான் நான் பல மடங்கு கூடுதலாகக் கொடுத்தேன். மோட்டோரோலாவை விட்டு வெளியேறிய சக் பெடிலின் குழு, 1975 செப்டம்பரில் வெஸ்கான் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் 25 டாலருக்கு விற்றது இந்த சிப்பைத்தான். போட்டிச் செயலியான இன்டெல் 8080-க்கு முதலில் 360 டாலர் விலை வைத்திருந்த காலம் அது. சேகரிப்பவர்கள் ஆரம்பகால 6502-ஐத் தேடி அலைவதற்கு இதுவே போதும். ஆனால் அதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. உங்கள் சோதனைக்காரருக்கு அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆரம்பகால 6502-இல் ஆர்ஓஆர் கட்டளை, அதாவது பிட்டுகளை வலப்பக்கம் சுழற்றும் கட்டளை, கிடையாது. 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சிப்புகளில்தான் அது இருக்கும் என்று மாஸ் டெக்னாலஜியே தன் கையேட்டில் அச்சிட்டிருந்தது. உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்: "ஆர்ஓஆர்: தேர்ச்சி." நானும் சோதனைப் பலகையில் செருகி, கேரி பிட்டை (சுழற்றும்போது காலியாகும் இடத்தில் வந்து சேரும் பிட்டை) சுழியாக்கி, 2 என்ற எண்ணைக் கொடுத்துச் சுழற்றினேன். சுத்தமாக 1 வந்தது. 1975 சிப்பில் அப்படி வரக் கூடாது. தேர்ச்சி பெற்றதால்தான் இது போலி!

பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பீங்கானின் மேல்முகத்தில் குறுக்கே ஒரு பழைய கீறல் ஓடுகிறது. அசல் அச்சாக இருந்தால் அந்தக் கீறல் எழுத்தையும் சேர்த்து வெட்டியிருக்கும். இங்கே கீறலுக்குள் மை இறங்கிக் காய்ந்திருக்கிறது. கீறல் முந்தியது, எழுத்து பிந்தியது. கால்களின் உட்பக்கத்தில் ஈயப்பற்றின் திட்டுகளும் இருக்கின்றன. ஏதோ ஒரு பலகையில் இருந்து கழற்றியது என்பது அதிலேயே தெரிகிறது. அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்கு மை கரைந்தது என்பதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய அசல் மையும் சில சமயம் கரையும். வீண் பழி போட எனக்கு விருப்பமில்லை.

இதை நீங்களே அச்சடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு விற்றவர் செய்திருக்கலாம். ஆனால் "அசல்" என்று எழுதிப் பணம் வாங்கியது நீங்கள். வேலை செய்யும் சிப் கேட்பவருக்கு வேலை செய்கிறது என்று பதில் சொல்லலாம். நான் கேட்டது தேதி.

அதே பெட்டியில் வந்த 1702ஏ ஈப்ராமையும் (புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவக சிப்) சொல்லிவிடுகிறேன். 256 பைட் மட்டுமே கொள்ளும், குவார்ட்ஸ் ஜன்னல் வழியாக உள்ளே சிலிக்கானைப் பார்க்கக்கூடிய அழகான பொருள் அது. அதைச் சாதாரண தெர்மோகோலில் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். தெர்மோகோலில் சேரும் நிலைமின்சாரம் அந்தக் காலத்து சிப்பைக் கொன்றுவிடக்கூடும் என்பது பழைய சிப் விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஓரக் கால் ஒன்று மடங்கியும் வந்தது. அதை நானே நிமிர்த்திக்கொண்டேன், அதற்குப் பணம் கேட்கவில்லை.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் "1978 தயாரிப்பு" என்று இன்டெல்லின் 8086 செயலி ஒன்று இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. படத்தில் தெரியும் '78, இன்டெல் பெயரோடு பதிப்புரிமைக் குறி போட்டு அச்சடித்த ஆண்டு. பல வருடம் கழித்துச் செய்த சிப்பிலும் அதே '78 இருக்கும். யாராவது ஏமாறும் முன் திருத்துங்கள்.

நான் கேட்பது: 6502-இன் முழு விலையும், இருவழி அனுப்பும் செலவும் திரும்ப வர வேண்டும். அதே சரக்கிலிருந்து வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்கள் தகவல் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பும் சிப்பை "மறு அச்சு" என்று குறிப்பிடாமல் மீண்டும் விற்க மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். அந்த உறுதி கைக்கு வந்த பிறகே சிப்பை அனுப்புவேன். இல்லாவிட்டால் அது அடுத்த வாரமே வேறொருவர் கைக்கு "1975 அசல்" என்று போய்ச் சேரும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடம் மறுப்புப் பதிவு செய்து, நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பையும் அணுகுவேன். கீறலின் பெரிதாக்கிய படங்கள், ஆர்ஓஆர் சோதனையின் காணொளி, உங்கள் அறிக்கையின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆர்டரில் உள்ள வாடிக்கையாளர்