ஹானுசெனுக்கு ஞானதிருஷ்டியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த காலத்தில் பெர்லினில் குறிசொல்லிப் பேர்போன மேடை வித்தைக்காரர் எரிக் யான் ஹானுசென் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சுவையான எழுத்து. ஆனால் ஜெர்மன் நாடாளுமன்றம் எரியப்போவதை முன்கூட்டியே கண்ட ஞானி என்று அவரைத் தூக்கிவைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் பெயரே வேஷம். டென்மார்க் பிரபு என்று சொல்லிக்கொண்டவர், 1889-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹெர்மன் ஸ்டைன்ஷ்னைடர். ஒளித்துவைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் மேடை வித்தையில் கைதேர்ந்தவர். ஒளித்தவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சரியான பக்கம் போனால் அந்தக் கை லேசாக இளகும். தப்பான பக்கம் போனால் இறுகும். ஒளித்தவருக்கே அது தெரியாது. போன பொங்கலுக்கு என் பேத்தியிடம் முயன்று பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். சமையலறை வாசலைத் தாண்டியதுமே அவள் கை தளர்ந்துவிட்டது. (அதற்கு முன் இரண்டு தடவை அவளை மொட்டைமாடி வரை இழுத்துப்போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இந்த மாதிரி வித்தைகளின் சூட்சுமத்தை முதல் உலகப்போர்க் காலத்தில் ஹானுசெனே புத்தகமாக எழுதியிருக்கிறார். அப்புறம்தான் தனக்கு நிஜமாகவே சக்தி உண்டு என்று பல்டி அடித்தார். 1930-இல் செக்கோஸ்லோவாகியாவின் லைட்மெரிட்ஸ் நகரில் மோசடி வழக்கிலிருந்து விடுதலையானதைக் கட்டுரையாளர் சான்றாகக் காட்டுகிறார். மோசடியை நிரூபிக்க முடியாமல் போனால் சக்தி நிரூபணமாகிவிடுமா?

சரி, தீ விஷயம். 1933 பிப்ரவரி 26 இரவு, பெர்லினில் தான் புதிதாகத் திறந்த மாளிகையில் ஆவியுலகக் கூட்டம் நடத்தினார். ஒரு நடிகையை மயக்கநிலைக்குக் கொண்டுபோய், பெரிய கட்டடம் எரிகிறது என்று குறி சொல்லவைத்தார். மறுநாள் இரவு நாடாளுமன்றம் எரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். பழம் விழப்போவதைக் காக்கையிடம் யாராவது முன்பே சொல்லியும் இருக்கலாம். பெர்லின் நாஜி அதிரடிப்படையின் தலைவர் ஹெல்டார்ஃப் இவரிடம் கடன் வாங்கியவர், கூடிக் குலாவியவர். அந்தத் தீயை வைத்தது யார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஞானதிருஷ்டிக்கு அங்கே வேலையில்லை.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன அவருடைய முடிவைத்தான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். மார்ச் மாதம் அதிரடிப்படை ஆட்கள் அவரைப் பிடித்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரலில்தான் பெர்லினுக்குத் தெற்கே ஒரு காட்டில் உடல் கிடைத்தது. அவர் யூதர் என்பதை முந்தின வருஷமே இடதுசாரிப் பத்திரிகை ஒன்று போட்டு உடைத்திருந்தது. அதற்குப் பிறகும் தன் சொந்தப் பத்திரிகையில் ஹிட்லருக்கு நல்ல காலம் என்று ஆரூடம் எழுதிக்கொண்டு பெர்லினிலேயே உட்கார்ந்திருந்தார் மனிதர்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
காரைக்குடி